எல்லைக் கோட்டை ஊரில் வெந்நீர்க் குளியல்: சான் கஷானோ போவோருக்கு முழுமையான வழிகாட்டி

இத்தாலியில் டஸ்கனி, உம்பிரியா, லாட்சியோ என்ற மூன்று மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் மூலையில், கடல்மட்டத்திலிருந்து 582 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அதன் மேல் மதில் சூழ்ந்த சிற்றூர், பெயர் சான் கஷானோ தேய் பான்யி. 'பான்யி' என்றால் குளியல்கள். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்தால் மக்கள்தொகை 1,500 அளவுதான். ஆனால் குன்றைச் சுற்றி 42 வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. சுமார் 40 டிகிரி சூட்டில் இரவும் பகலும் அவை ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஊருக்குப் பெரும்பாலோர் சொகுசு விடுதியில் ஊறிக் கிடக்கத்தான் வருகிறார்கள். அது தவறில்லை. ஆனால் விடுதிக் குளத்தோடு திரும்பிவிட்டால் ஊரில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது. மேலே எல்லையைக் காத்த கோட்டை, கீழே எல்லையின் இரண்டு பக்கத்தாரும் வந்து இறங்கிய நீர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடம் பிடிபடும். அதற்கு ஏற்ற வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எப்போது போவது, எத்தனை நாள்

இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணம் இந்த ஊருக்குப் பொருந்தாது. வந்துசேரவே நேரம் பிடிக்கும், நல்ல குளியல் நேரமோ அதிகாலையில் இருக்கிறது.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். வெளியே 33, 34 டிகிரி வெயில் அடிக்கும்போது 40 டிகிரி நீரில் யாருக்கு இறங்கத் தோன்றும்? ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் இருப்பதால் கூட்டமும் அதிகம். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை குளிர்காலம். குன்றின் மேல் காற்று விறைக்கும், குளத்தில் ஆவி பறக்கும். குளியலுக்கு அதுதான் உச்சம். ஊரைச் சுற்றி நடப்பதும் உங்களுக்கு முக்கியம் என்றால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் சில உணவகங்களும் விடுதிகளும் வாரக்கணக்கில் மூடியிருக்கும், முன்பதிவு செய்யும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: போய்ச் சேருவது

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஐரோப்பாவில் வசிக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பயணத்தோடு இதையும் இரண்டு மூன்று நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

விமானத்தில் வந்தால் ரோம் வசதி. ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபிளாரன்ஸ் பக்கம் போகும் வட்டார ரயிலில் ஏறி, கியூசி-கியான்சானோ தெர்மே நிலையத்தில் இறங்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை இங்கே நிற்காமல் பறந்துவிடும், சீட்டு எடுக்கும்போது கவனியுங்கள். வட்டார ரயிலுக்குத் தாளில் அச்சிட்ட சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.

கியூசியிலிருந்து ஊருக்குச் சுமார் 30 கிலோமீட்டர், முழுக்க வளைவுச் சாலை. பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமையில் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். வாடகைக் கார் எடுப்பதுதான் நல்லது. அதற்கு இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். அதை ஊரிலிருந்து கிளம்பும் முன் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கிவிடுங்கள். ரோமிலிருந்தே காரில் வருபவர்கள் ஏ1 நெடுஞ்சாலையில் ஃபாப்ரோ என்ற வெளிவழியில் திரும்ப வேண்டும்.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. இத்தாலியின் பழைய ஊர்களில் மதிலுக்குள் வெளியூர்க் கார்கள் நுழையத் தடை இருக்கும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை தெரிந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. பல ஊர்களில் கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கே வரும். காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஊர் சிறியது, பத்து நிமிட நடையில் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: எங்கே தங்குவது

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊருக்குக் கீழே வெந்நீர்க் குளங்களோடு இருக்கும் ஃபொன்தெவெர்தே விடுதி. அதன் மையத்தில் இருக்கும் தூண் மண்டபம் டஸ்கனியை ஆண்ட மெதிச்சி வம்சத்து முதலாம் ஃபெர்தினாந்தோ 1600களின் தொடக்கத்தில் கட்டுவித்தது. விலை உயர்ந்த இடம். மற்றொன்று, மதிலுக்குள் சின்ன விடுதி அல்லது வாடகை வீடு.

நான் இரண்டாவதைச் சொல்வேன். இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கல் சந்துகளில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். கீழே விடுதியில் தங்குபவர்களுக்கு அது கிடைக்காது. விடுதிக் குளத்தையும் அனுபவிக்க விரும்பினால் நாள் சீட்டு தருகிறார்களா, எந்த நேரம் என்று முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: முதல் நாள் மேலேயே இருங்கள்

வந்த அன்றே குளத்துக்கு ஓடாதீர்கள். பெட்டியை வைத்துவிட்டு ஊரைச் சுற்றுங்கள்.

குன்றின் விளிம்பில் எங்கே நின்றாலும் முதலில் கண்ணில் படுவது திறந்த வெளி. அலையலையாக மேடு பள்ளம், நடுநடுவே ஒற்றைப் பண்ணை வீடுகள். வடமேற்கே பார்த்தால் கரும்பாறை மேல் ஒரு கோபுரம் தெரியும். அதுதான் ரடிகோஃபனி கோட்டை. அந்த உயரமும் இந்த உயரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்ததில்தான் இந்த ஊரின் பழைய தொழில் அடங்கியிருக்கிறது. இடைக்காலத்தில் விஸ்கொந்தி என்ற பிரபுக் குடும்பம் இதை ஆண்டது. ஒரு பக்கம் ஒர்வியெட்டோ நகரம், இன்னொரு பக்கம் சியெனா நகரம், இரண்டுக்கும் நடுவில் நெருக்கடி. 15ஆம் நூற்றாண்டில் சியெனா குடியரசின் பிடிக்குள் போனது. 1555இல் சியெனா வீழ்ந்தது, சில ஆண்டுகளில் இந்தப் பகுதி முழுவதும் மெதிச்சிகளின் கைக்கு வந்தது. அதன் பிறகு 1860 வரை இது டஸ்கனி அரசின் தெற்கு விளிம்பு. அடுத்த மேட்டுக்கு அப்பால் போப்பாண்டவரின் ஆட்சி நிலம்.

எனவே சந்துகளில் நடக்கும்போது அழகை மட்டும் பார்க்காமல் எதற்காக இப்படிக் கட்டினார்கள் என்றும் பாருங்கள். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெளிப்பக்கம் உயர்ந்த சுவராக நிற்கும். மதில் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. சந்துகள் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து ஏறும். உச்சியில் சான் லியோனார்தோ தேவாலயம். அதன் படிகளில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஐந்தாம் படி: நீருக்குள் கிடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். குளத்தில் இறங்கும் முன் இது தெரிந்திருந்தால் அந்த நீர் வேறாகத் தெரியும்.

ஊருக்குக் கீழே பான்யோ கிராந்தே, அதாவது 'பெரிய குளியல்' என்ற பொதுக்குளம் இருக்கிறது. அதன் பக்கத்து நிலத்தில் 2019இல் அகழாய்வு தொடங்கியது. யாகோபோ தபொல்லி என்ற பேராசிரியரின் ஒருங்கிணைப்பில் வேலை நடந்தது. முதலில் அப்பல்லோ, எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸ், பாக்கியத் தெய்வமான ஃபோர்த்தூனா ஆகியோருக்கான பலிபீடங்கள் வெளிவந்தன. தொடர்ந்து தோண்டியபோது ஊற்று பீறிடும் புனிதத் தொட்டியே கிடைத்தது. உள்ளே சூடான சேறு. அந்தச் சேற்றுக்குள் வெண்கலச் சிலைகள் கிடந்தன.

2022 நவம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சிலைகள், அவற்றில் சில ஒரு மீட்டர் உயரம் வரை, அவற்றோடு ஆயிரக்கணக்கான நாணயங்கள். பெரும்பாலானவை கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. பழங்கால வெண்கலம் பெரும்பாலும் உருக்கப்பட்டு ஆயுதமாகவோ பாத்திரமாகவோ போய்விடும். இங்கே தப்பியதற்குக் காரணம் சேறும் நீரும்தான். 1972இல் தென் இத்தாலியில் ரியாச்சே என்ற ஊரை ஒட்டிய கடலில் இரண்டு வெண்கல வீரர் சிலைகள் கிடைத்தனவே, அதற்குப் பிறகு இத்தாலியில் இதற்கு இணையான வெண்கலக் கண்டுபிடிப்பு இல்லை என்று அறிஞர்கள் மதிப்பிட்டார்கள்.

சிலைகள் மட்டுமல்ல, காது, பாதம், கை, கருப்பை, வயிற்று உள்ளுறுப்புகள் என்று உடம்பின் பாகங்களையும் வெண்கலத்தில் வார்த்து நீருக்குள் இட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் நோயோ அந்த உறுப்பின் உரு. இதை ஒரு ஐரோப்பியருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், நமக்கு வேண்டாம். வைத்தீஸ்வரன் கோயில் உண்டியலில் கண், கால் பதித்த வெள்ளித் தகடு போடுகிறவர்களையும், வேளாங்கண்ணியில் காணிக்கை உருவங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நேர்த்திக்கடன் என்ற ஒரே சொல்லில் அந்தத் தொட்டி நமக்குப் புரிந்துவிடும்.

2024இல் இன்னும் கிடைத்தவை அதைவிட நெருக்கம். சுமார் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கலப் பாம்பு, ஊற்றைக் காக்கும் தெய்வத்தின் வடிவம். கூடவே முட்டைகள், சிலவற்றில் மஞ்சள் கருவின் தடம்கூட இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அழியவில்லை. புற்றுக்கு முட்டை வைக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வழிபாட்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீரும் பாம்பும் நோயும் ஒரு இடத்தில் சேரும்போது மனிதர்கள் இப்படிச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது காணிக்கைகளின் மேல் இருக்கும் எழுத்து. சிலவற்றில் எட்ருஸ்க மொழி, சிலவற்றில் லத்தீன். எட்ருஸ்கர்கள் இந்த நிலத்தின் பழைய மக்கள், ரோமானியர்கள் அவர்களை விழுங்கிக்கொண்டு வந்தவர்கள். வெளியே போரும் உள்நாட்டுச் சண்டையும் நடந்த அதே தலைமுறைகளில் இரு மொழிக்காரர்களும் ஒரே தொட்டிக்கு வந்து ஒரே ஊற்றிடம் வேண்டியிருக்கிறார்கள். கோட்டை கட்டுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரண்டு உலகங்களின் விளிம்பு இருந்தது, அந்த விளிம்பில் எல்லோருக்குமாக நீர் இருந்தது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மின்னல் விழுந்திருக்கிறது. மின்னல் தொட்ட இடம் புனிதம் என்பது அவர்கள் வழக்கம். அதனால் பழைய காணிக்கைகளை ஓடுகளால் மூடி, வெண்கலத்தில் செய்த மின்னல் வடிவம் ஒன்றையும் உள்ளே வைத்தார்கள். பிறகு 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் பரவியபோது கோயில் மூடப்பட்டது. உடைக்கவில்லை, தூண்களைச் சாய்த்து மேலே கிடத்திவிட்டுப் போனார்கள். மூடியவர்களுக்கும் அந்த நீர் மேல் மரியாதை இருந்திருக்கிறது.

சிலைகளைப் பார்க்க ஒரு வார்த்தை. இவை 2023இல் ரோமின் குவிரினாலே மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டன, பிறகு நேப்பிள்ஸ் உள்ளிட்ட ஊர்களுக்குப் போயின. சான் கஷானோவிலேயே பழைய மாளிகை ஒன்றில் அருங்காட்சியகம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் சிலைகள் அப்போது எந்த ஊரில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். அகழாய்வு இடத்துக்கு வேலியைத் தாண்டி நீங்களாகப் போகக் கூடாது. வழிகாட்டியோடு பார்க்கும் நேரம் உண்டா என்று ஊராட்சியின் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆறாம் படி: இறங்குங்கள்

இரண்டாம் நாள் அதிகாலை, விடிந்த உடனே. ஊரிலிருந்து கீழே இறங்கும் பாதையில் பதினைந்து நிமிட நடை. மண்ணும் கல்லுமாக இருக்கும், ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் டார்ச் இருக்கட்டும்.

கீழே பான்யோ கிராந்தே, பான்யோ பொஸ்ஸொலோ என்று பழைய பொதுக்குளங்கள். திறந்தவெளியில் கல் தொட்டிகள், அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. உடை மாற்றும் அறையோ, பூட்டு அலமாரியோ, கண்காணிப்பாளரோ இருக்க மாட்டார்கள். அறையிலேயே நீச்சலுடையைப் போட்டு, மேலே தளர்ந்த சட்டை அணிந்துகொண்டு போவது எளிது. சேலை, வேட்டி, பருத்திச் சுடிதார் எதுவும் வேண்டாம், நனைந்தால் கனக்கும், அந்தக் குளிரில் காயவும் காயாது. உடலை மூடிய முழு நீச்சலுடை அணிந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கொண்டு போக வேண்டியவை: பழைய துண்டு இரண்டு, மாற்றுடை, குடிநீர், கம்பளிக் குல்லா, ஒரு பிளாஸ்டிக் பை. நகைகளை அறையிலேயே கழற்றி வையுங்கள்.

இறங்குவதில் ஒரு முறை இருக்கிறது. எண்ணெயோ கிரீமோ உடம்பில் இருந்தால் முன்பே குளித்துவிட்டு வாருங்கள். சோப்பு, ஷாம்பு இரண்டும் குளத்தில் கூடவே கூடாது. முதலில் கால்களை மட்டும் நீரில் விட்டு விளிம்பில் உட்காருங்கள். சுரீரென்று சுடும், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். பிறகு இடுப்பு வரை, பிறகு மார்பு வரை. தலையை முக்காதீர்கள், மூக்கில் நீர் ஏறவும் விடாதீர்கள். வெதுவெதுப்பான இயற்கை நீர்நிலை எதுவானாலும் இந்தக் கவனம் நல்லது. குடிக்கவும் வேண்டாம்.

பதினைந்து நிமிடம் போதும். வெளியே வந்து, துண்டைப் போர்த்தி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி இறங்கலாம். இப்படி மூன்று முறை. எழும்போது மெதுவாக எழுந்திருங்கள், சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு இந்தச் சூடு அதிகம். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடும், மது அருந்திவிட்டும் வேண்டாம்.

குளம் சின்னது, ஊர்க்காரர்களும் வருவார்கள். "புவோன் ஜோர்னோ" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். பாட்டுப் போடாதீர்கள். மற்றவர்கள் முகம் விழும்படி படம் எடுக்காதீர்கள். நாணயம் வீசவும் வேண்டாம், பழைய நாணயங்கள் அகழாய்வில் எண்ணப்படும் இடத்தில் புதியதைப் போடுவது வீண் தொல்லை.

ஏழாம் படி: சாப்பாடு

குளித்தபின் பசி எடுக்கும். இங்கே உணவகங்கள் மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை, பிறகு இரவு ஏழரைக்கு மேல்தான். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும், கடைகளும் சாத்தியிருக்கும். பையில் பழமும் ரொட்டியும் வைத்திருங்கள்.

சாப்பிட வேண்டியது பிச்சி. மாவையும் நீரையும் பிசைந்து கையால் உருட்டிய, தடித்த சேமியா போன்ற பாஸ்தா. அதை 'அல்யோனே' குழம்போடு கேளுங்கள். அல்யோனே என்பது இந்தப் பக்கத்துப் பெரிய பூண்டு, காரமில்லாமல் இனிக்கும். தக்காளியோடு வதக்கித் தருவார்கள், இறைச்சி கிடையாது. சைவக்காரர்கள் "சென்சா கார்னே" என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள், ஆனால் சூப்பில் எலும்புச் சாறு இருக்கிறதா என்று தனியாகக் கேட்பது நல்லது. ஆட்டுப்பால் சீஸ் பெரும்பாலும் ரென்னெட்டில், அதாவது கன்று, குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளில், உறைய வைத்தது. டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது, அது அவர்கள் வழக்கம். பில்லில் 'கொப்பேர்த்தோ' என்று தலைக்கு ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கும், அது மேசைக் கட்டணம்.

எட்டாம் படி: ரடிகோஃபனிக்கு ஒரு பிற்பகல்

முதல் நாள் தூரத்தில் பார்த்த கோட்டைக்கு இப்போது போங்கள். காரில் அரை மணி நேரம். ரோமுக்கு யாத்திரை போன பழைய பாதை இதன் அடியில்தான் ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கீனோ தி தாக்கோ என்ற கொள்ளைக்காரப் பிரபு இதைப் பிடித்து வைத்திருந்தான். வயிற்று நோய்க்காக சியெனா நாட்டு வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய மடாதிபதி ஒருவரை மடக்கி, வறுத்த ரொட்டியும் வெள்ளைத் திராட்சை மதுவும் மட்டும் கொடுத்து அவர் வயிற்றைக் குணமாக்கி அனுப்பினான் என்று ஒரு பழங்கதை உண்டு. 1735இல் வெடிமருந்து வெடித்துக் கோட்டை சிதைந்தது. கோபுரத்தைப் பின்னால் மறுபடி எழுப்பினார்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், சால்வை வேண்டும்.

இன்னொரு நாள் இருந்தால் கியூசியின் எட்ருஸ்க அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ரயிலுக்குத் திரும்பும் வழியிலேயே இருக்கிறது.

கடைசி நாள் காலை

ரயில் பதினொரு மணிக்கு என்றாலும் இன்னொரு முறை குளத்துக்கு இறங்க நேரம் இருக்கும். உடைகள் பெட்டிக்குள் போகும் முன் ஒரு துண்டை மட்டும் வெளியே வையுங்கள். ஈரத் துணிக்கு அந்த பிளாஸ்டிக் பை. குளத்தின் விளிம்பில் யாராவது விட்டுப்போன பாட்டிலோ காகிதமோ இருந்தால் அதையும் அதே பையில் போட்டு மேலே கொண்டுவாருங்கள், கீழே குப்பைத் தொட்டியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தால் குளத்தின் மேல் ஆவி எழுவது தெரியும்.